அறுபது பேர் விருந்துக்குப் புகையூட்டிய இறைச்சி: எவ்வளவு, எப்போது, எப்படி?

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு விருந்து. வருபவர்கள் அறுபது பேர், அவர்களில் பதினைந்து பேர் குழந்தைகள். கையில் இருப்பது நடுத்தர அளவில் ஒரே ஒரு புகையடுப்பு. போட நினைப்பது பன்றித் தோள்கறியும் கோழித் தொடையும். எவ்வளவு வாங்க வேண்டும், எத்தனை மணிக்கு அடுப்பை மூட்டினால் எல்லாம் சரியாக ஏழு மணிக்கு இறங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் 'சரியாக ஏழு மணிக்கு' என்ற ஆசையை முதலில் கைவிடுங்கள். மூன்றரை கிலோ தோள்கறி 120 டிகிரி செல்சியஸில் பத்து மணி நேரத்திலும் வெந்துவிடும். பதின்மூன்று மணி நேரமும் இழுக்கும். அருகருகே வைத்த இரண்டு துண்டுகள்கூட ஒரே நேரத்தில் வேகாது. வீட்டில் நான்கு பேர் என்றால் பேசிக்கொண்டே காத்திருக்கலாம். அறுபது பேர் தட்டோடு நிற்கும்போது கறியின் உள்வெப்பம் 80 டிகிரியில் நின்றால் உங்களால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. ஆகவே, காத்திருக்கத் தெரிந்த இறைச்சியை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். காத்திருக்கத் தெரியாததை மட்டும் சனிக்கிழமைக்கு வையுங்கள். தோள்கறி முதல் வகை. நாராக உதிர்த்து, அதன் சாற்றோடு குளிரில் வைத்து மறுநாள் சூடாக்கினால் ருசியில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. கோழி இரண்டாவது வகை. ஆறிப்போன கோழித்தோலை எந்த அடுப்பாலும் பழையபடி மீட்க முடியாது.

அளவுக்கு வருவோம். பெரியவர்களுக்குத் தலைக்கு 200 கிராம், குழந்தைகளுக்கு 100 கிராம் சமைத்த கறி என்று கணக்கிட்டால் பத்தரை கிலோ வருகிறது. இது தட்டில் விழும் எடை. கடையில் வாங்கும் எடை அல்ல. எலும்புள்ள தோள்கறி, எலும்பும் கொழுப்பும் நீரும் போக, ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 14 கிலோ பச்சைக்கறி, அதாவது மூன்றரை கிலோ வீதம் நான்கு துண்டுகள் வாங்கினால் ஏழு கிலோ கறி கிடைக்கும். கோழியை இப்படி எடை போட்டுக் கணக்கிடாதீர்கள். துண்டாக இருக்கும் உணவை மனிதர்கள் எண்ணிக்கையில்தான் எடுப்பார்கள். ஆளுக்கு ஒன்று கட்டாயம் எடுப்பார்கள், சிலர் இரண்டு எடுப்பார்கள், சில குழந்தைகள் தொடவே மாட்டார்கள். 150 கிராம் அளவில் 65 தொடைகள், சுமார் பத்து கிலோ வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு கிலோவை ஒட்டிச் சாப்பிடக்கூடிய கறி. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும். உதிர்த்த கறியை வரிசையின் கடைசியில் வைத்தால் முன்னால் வருபவர்கள் அள்ளிக்கொண்டு போவது தானாகவே குறையும்.

மாட்டு நெஞ்சுக்கறியையும் சேர்க்கலாமா என்று யாராவது உங்களைத் தூண்டுவார்கள். முதல் பெரிய விருந்துக்கு வேண்டாம். அதை அறுத்த சில நிமிடங்களிலேயே துண்டுகள் காய்ந்துவிடும் என்பதால் பரிமாறும் நேரம் முழுவதும் ஒருவர் கத்தியும் கையுமாக நிற்க வேண்டும். விலா எலும்பு கம்பித்தட்டின் இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மிகக் குறைவான கறியைத்தான் திருப்பித் தரும். ஆட்டுக்கறிதான் வேண்டுமென்றால் தோளை எடுங்கள். கொழுப்பு குறைந்த கால்பகுதி நீண்ட நேரச் சூட்டில் வறண்டுபோகும்.

உறைந்த கறியாக வாங்கினால், குளிர்பெட்டியில் இரண்டு இரண்டரை கிலோவுக்கு ஒரு முழு நாள் வீதம் இளக நேரம் கொடுங்கள். மூன்றரை கிலோ துண்டுக்கு இரண்டு நாள் வைப்பது நல்லது. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இருப்பது இன்னும் கல்லாகவே இருக்கும். 24 கிலோ பச்சைக்கறி சாதாரண வீட்டுக் குளிர்பெட்டியில் அடங்காது என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். நல்ல ஐஸ் பெட்டி ஒன்றில் நிறைய ஐஸுடன் வைக்கலாம். வெப்பம் 4 டிகிரிக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வியாழன் இரவு உப்புத் தடவுங்கள். கறியின் எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். 14 கிலோவுக்கு 150 கிராம் போதும், எலும்புக்கு உப்புத் தேவையில்லை. ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் உப்பு உள்ளே இறங்கும். மிளகு, பூண்டுத்தூள், சர்க்கரை என்று மற்றவை எதுவும் மேற்பரப்பைத் தாண்டிச் சொல்லும்படி இறங்குவதில்லை. அதனால் மசாலாவை வெள்ளிக்கிழமை காலை அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்றுமுன் பூசினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இரவு முழுவதும் மசாலாவில் ஊற வேண்டும் என்ற வழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பின்பற்றுவதில்லை.

நான்கு துண்டுகள் போட்டால் நான்கு மடங்கு நேரம் ஆகுமா? ஆகாது. வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது ஒவ்வொரு துண்டின் தடிமன்தான், மொத்த எடை அல்ல. ஆனால் குளிர்ந்த 14 கிலோ கறி உள்ளே போனதும் அடுப்பின் வெப்பம் சரிந்துவிடும். மீண்டும் ஏற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பதறிப்போய்க் காற்றுத் துவாரங்களை முழுக்கத் திறந்துவிட்டால் பிறகு 160 டிகிரிக்குத் தாவி, இறக்க முடியாமல் தவிப்பீர்கள். தேவையைவிடச் சற்று அதிகச் சூட்டில், 140 டிகிரியில் தொடங்கி, கறியை ஏற்றிவிட்டுப் பொறுமையாக இருங்கள். துண்டுகளுக்கிடையே மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு துண்டுகள் வெப்பத்துக்கு ஒரே பெரிய துண்டுதான். எந்தத் துண்டும் நெருப்புக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பாதி நேரத்தில் ஒருமுறை இடம் மாற்றி வைத்தால் போதும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவர்களுக்கு விருந்து நள்ளிரவில்தான்.

மூடியில் பதித்திருக்கும் வெப்பமானியை நம்பாதீர்கள். அது காட்டுவது மூடிக்கு அடியில் இருக்கும் காற்றின் வெப்பம். கறி இருக்கும் கம்பித்தட்டில் இருபது முப்பது டிகிரி வித்தியாசம் இருக்கலாம். கம்பித்தட்டில் ஓர் ஊசி, கறிக்குள் ஓர் ஊசி என்று இரண்டு வேண்டும். வாங்கியதும் நொறுக்கிய ஐஸ் நிறைந்த நீரில் முக்கிப் பாருங்கள். பூஜ்யம் காட்டாத கருவியை விருந்துக்கு நம்ப வேண்டாம்.

புகையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் முக்கியம்: அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெலிந்து, இளநீலமாக இருக்க வேண்டும். குழாயிலிருந்து வெண்புகை குபுகுபுவென்று வந்தால் பார்ப்பவர்களுக்கு உற்சாகமாக இருக்கும், கறியோ கசக்கும். விறகு சரியாக எரியாமல் புழுங்கும்போது வருவது அது. காற்று குறைவு, ஈர விறகு, நெருப்பு பிடிக்கும் முன்பே கறியை ஏற்றுவது ஆகியவைதான் காரணங்கள். நன்றாகப் பிடித்த கரித்தணலின் மேல், காய்ந்த கடினமரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி எதுவானாலும் சரி. பைன் போன்ற பிசின் மரங்களும், வர்ணமோ ரசாயனமோ ஏறிய பலகைகளும் கூடவே கூடாது. மரச்சீவலைத் தண்ணீரில் ஊறவைப்பது வீண் வேலை. நீர் முதலில் ஆவியாகிப் போக வேண்டும், அதன் பிறகே புகை வரும்.

கறி புகையை நன்றாக வாங்கிக்கொள்வது மேற்பரப்பு குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும் முதல் சில மணி நேரங்களில்தான். உங்கள் ஒற்றை அடுப்புப் பிரச்சினைக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஐந்தாறு மணி நேரத்தில் உள்வெப்பம் 70 டிகிரியை நெருங்கும். மேலே கரும்பழுப்பில் பொருக்குப் பிடித்திருக்கும். வெப்பம் அங்கேயே தேங்கி நிற்கத் தொடங்கும். உடலை வியர்வை குளிர்விப்பதுபோல், கறியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் அடுப்பு தரும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். இரண்டு மூன்று மணி நேரம் ஊசி அசையாது. சில நேரம் ஒரு டிகிரி இறங்கவும் செய்யும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் வெப்பமானி பழுது என்று முடிவு செய்கிறார்கள். அலுமினியத் தாளில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றிவிட்டால் ஆவியாவது நின்று, வெப்பம் மீண்டும் ஏறத் தொடங்கும். சுற்றிய கறிக்குள் புகை போகாது. அதற்கு அடுப்பில் எரிவது விறகா எரிவாயுவா என்று தெரியாது. ஆகவே சுற்றியதும் வீட்டு அவனில் (oven) 135 டிகிரியில் வைத்துவிடுங்கள். புகையடுப்பு காலியாகிவிடும், வேண்டுமானால் அடுத்த சுற்றை ஏற்றலாம். இப்படிச் செய்வதை ஏமாற்று வேலை என்று சொல்லும் தூய்மைவாதிகள் உண்டு. அவர்களை விருந்துக்கு அழைத்து, எது எங்கே வெந்தது என்று சொல்லாமல் பரிமாறிப் பாருங்கள்.

93 முதல் 96 டிகிரிக்குள் வெந்துவிடும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் எண்ணைவிட ஊசி சொல்வதே சரி: எந்தப் பக்கம் குத்தினாலும் தடையில்லாமல் இறங்க வேண்டும். கறித்தசையைப் பிணைக்கும் கொலாஜன் ஜெலட்டினாக மாறுவதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். வெந்ததும் தாளோடு ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். தாளுக்குள் தேங்கிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கொழுப்பை மேலாக வழித்துவிட்டுப் பத்திரப்படுத்துங்கள், மறுநாள் அதுதான் கறியைக் காப்பாற்றப்போகிறது.

இனிமேல் வருவது இந்த முழு வேலையிலும் ஆபத்தான பகுதி. பெரிய அளவில் சமைத்த இறைச்சியால் வயிறு கெடும் சம்பவங்களில் அடிக்கடி அடிபடும் பெயர் 'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்' என்ற பாக்டீரியா. கறி எவ்வளவு நன்றாக வெந்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். பிறகு கறி மெல்ல ஆறும்போது, குறிப்பாக 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பில், வேகமாகப் பெருகும். முழுத் துண்டை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே சில்லென்று இருக்கும். நடுப்பகுதி பல மணி நேரம் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். அமெரிக்க உணவு விதிகள் இதற்கு வைத்திருக்கும் கெடு கடுமையானது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கு வர வேண்டும். உதிர்க்காத துண்டு இந்தக் கெடுவுக்குள் வரவே வராது. சூடாக இருக்கும்போதே உதிர்த்துவிடுங்கள். பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டால் கை சுடாது. அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தட்டுகளை ஐஸ் நிரம்பிய பெரிய பாத்திரங்களில் வையுங்கள். அவ்வப்போது கிளறுங்கள். நன்றாக ஆறிய பிறகு மூடிக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள், அங்கேயும் தட்டின்மேல் தட்டாக அடுக்காமல்.

நேரக்கணக்கில் சொன்னால், வெள்ளி காலை ஆறு மணிக்கு நெருப்பு, ஏழு மணிக்குக் கறி, பிற்பகல் ஒரு மணிவாக்கில் தாள் சுற்றி அவனுக்கு மாற்றம். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வெந்துவிடும். தாமதமானாலும் இரவு முழுவதும் கையில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

குளிர்பெட்டியில் இடமே இல்லை என்றால் வேறு வழியும் உண்டு. வெள்ளி இரவு பத்து மணிக்கு மேல் ஏற்றி, சனி மதியத்துக்குள் முடித்து, தாளோடு துண்டுகளை ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டியில் ஐஸுக்குப் பதில் முதலில் கொதிநீர் ஊற்றி அரைமணி நேரம் மூடி வைத்து, நீரைக் கொட்டிவிட்டு, கறியைத் துவாலைகளால் போர்த்தி மூடினால் நான்கு மணி நேரத்துக்குமேல் சூடு தாங்கும். உள்ளே ஓர் ஊசி இருக்கட்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இந்த முறையில் ருசி ஒரு படி மேல்தான். ஆனால் இரவு முழுக்க விழித்து நெருப்பைப் பார்க்க வேறொரு ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள். விருந்து வைப்பவர் தூக்கக் கலக்கத்தில் விருந்தினரை வரவேற்பது நன்றாக இருக்காது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அடுப்பை மீண்டும் மூட்டுங்கள். கோழிக்கு வேறு சூடு: 150 டிகிரி அல்லது அதற்குச் சற்று மேல். 110 டிகிரியில் மெதுவாகப் புகையூட்டிய கோழியின் தோல் ரப்பராகத்தான் இருக்கும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. 65 தொடைகளும் ஒரே தடவையில் அடங்காவிட்டால் இரண்டு சுற்று. ஒவ்வொன்றும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். 74 டிகிரியில் பாதுகாப்பாக வெந்துவிடும், ஆனால் தொடைக்கு 80 முதல் 85 டிகிரிதான் ருசி. முதல் சுற்றை அவனிலோ ஐஸ் பெட்டியிலோ 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருங்கள். இனிப்புச் சாஸ் பூசுவதென்றால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் பூசுங்கள். முன்பே பூசினால் சர்க்கரை கருகிவிடும். கோழியும் வேறு இறைச்சியும் ஒரே அடுப்பில் இருக்க நேர்ந்தால் கோழி எப்போதும் கீழ்த்தட்டில்தான். பச்சைக் கோழிச்சாறு வேறெதன்மேலும் சொட்டக்கூடாது.

யாராவது ஒருவர் கோழி இளஞ்சிவப்பாக இருக்கிறது, வேகவில்லை என்பார். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. தோள்கறியின் ஓரத்திலும் அந்த வளையம் தெரியும். அதற்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை, வெந்ததற்கும் வேகாததற்கும் சம்பந்தமில்லை. வாதாடாமல் வெப்பமானியைக் காட்டிவிடுங்கள்.

நாலரை மணிக்கு, அவனில் இடம் பார்த்து, உதிர்த்த கறியை எடுத்துவைத்த சாற்றோடு கலந்து, தட்டைத் தாளால் இறுக மூடி 160 டிகிரியில் சூடாக்குங்கள். நடுவில் 74 டிகிரி வர வேண்டும். குளிர்ந்த ஏழு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். மேசையில் வைக்கும் சூடு காக்கும் பாத்திரங்கள் சூட்டைக் காக்க மட்டுமே. குளிர்ந்த கறியை அதில் போட்டுச் சூடாக்க முயன்றால் மீண்டும் அந்த வெதுவெதுப்புக்கே போய்ச் சேருவீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசைக்குக் கொண்டுவராமல் மூன்றில் ஒரு பங்காக வையுங்கள். உப்பையும் புளிப்பையும் கடைசியாக ஒருமுறை ருசி பாருங்கள். கொழுப்பான கறிக்குக் கொஞ்சம் வினிகர் நன்றாக எடுக்கும்.

மழை வந்தால் அடுப்பைத் தாழ்வாரத்துக்கோ கார் நிறுத்தும் அறைக்கோ தள்ளலாமே என்று யோசனை சொல்வார்கள். அதற்கு மட்டும் இணங்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. கதவு திறந்திருந்தாலும் ஆளைக் கொல்லும். திறந்தவெளியில், சுவரிலிருந்து தள்ளி, அடுப்பைத் தொடாதபடி உயரத்தில் ஒரு தகரத்தை நிறுத்தினால் மழைக்குப் போதும். கரியைக் கணக்கைவிட ஒன்றரை மடங்கு வாங்கி வையுங்கள். காற்றடிக்கும் நாளில் அது எப்படிக் கரைகிறது என்றே தெரியாது. சொட்டும் கொழுப்பைப் பிடிக்கும் தட்டை வெள்ளிக்கிழமைச் சமையல் முடிந்ததும் சுத்தம் செய்துவிடுங்கள். மறுநாள் அதிகச் சூட்டில் கோழி வேகும்போது பழைய கொழுப்பு தீப்பிடிப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

மேசையில் வெறுமனே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறியைத் திரும்ப எடுத்துவைக்காதீர்கள்; வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அடுப்படியிலேயே சூடாக இருந்து மேசைக்கு வராத பங்கை உடனே பரப்பி ஆறவைத்து, பைகளில் தட்டையாக அழுத்தி உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும்.